பத்தரைக்குள் ஒரு மரணம்

ஒரு மனிதரின் சாவுக்கு விலை பத்து விநாடிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி தனி. மூன்று முறை மந்திரியாக இருந்தவருக்குத்தான் இந்த விலை. ஒரே முறை இருந்தவர் என்றால் பேசிக் குறைக்கலாம். வாரியத் தலைவர் என்றால் காலை நேரப் பக்திப் பாடல் விளம்பரத்தோடு சேர்த்து இலவசமாகவே போட்டுக் கொடுப்பார்கள்.

தென்பெண்ணை ஒலி-ஒளி நிறுவனத்தின் விளம்பர மேலாளர் நாகேஷ், அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் ஊரில் பாதிப் பேரிடம் இந்த விலையைச் சொல்லி, நான்கு பேரிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். சரக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. சரக்கு, ஓசூர் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாவது நாளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெயர் வெங்கடசாமி. வயது எண்பத்து நான்கு.

தென்பெண்ணை என்பது நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக் குடித்து, நுரை தள்ளிக்கொண்டே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, அங்கே நதி என்று மரியாதையாக அழைக்கப்படும் ஆறு. நிறுவனத்துக்குப் பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

நிலையம் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. மாடியில் இடப்பக்கம் தொலைக்காட்சி அரங்கு, வலப்பக்கம் வானொலி அறை, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாளர், பிரபா. "முதல்ல ரெண்டு பேரை வெச்சுப் பாத்தோம். ரெண்டு பேருக்கும் பசிக்குது" என்று நிர்வாக இயக்குநர் ரகுராம் ஒரு பத்திரிகைப் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். ரகுராம் இந்தத் தொழிலுக்கு வருமுன் அத்திபெலேயில் மனை போட்டு விற்றவர். அங்கே இல்லாத ரோட்டைக் காட்டி விற்ற அனுபவம் இங்கே அவருக்கு நன்றாகக் கைகொடுத்தது.

பிரபா ஜோகுபாளையத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் அல்சூர் தேர்த் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொன்னதுதான் முதல் வேலை. அந்தக் குரலைக் கேட்டு, காணாமல் போகாத பிள்ளைகளும் பந்தலுக்கு வந்து நின்றன என்று பேச்சு. பிறகு கமர்ஷியல் தெருவில் ஒரு துணிக்கடையில் மூன்று ஆண்டு, "பட்டு இரண்டாவது மாடி, பாவாடை கீழ்த்தளம்." அங்கிருந்து வானொலி, வானொலியிலிருந்து தொலைக்காட்சி. ஒரு மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிட்டது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, மற்ற நிலையங்களெல்லாம் "உடைந்தது" என்று அலறின. பிரபா மட்டும் பாட்டைப் போட்டுவிட்டு, ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஏரி இருந்த இடத்துலதான் இருக்கு. உறுதி செய்யப்பட்ட செய்தி."

அன்றிலிருந்து அந்தப் பக்கத்து வீடுகளில் எந்தச் செய்தி வந்தாலும், "இரு, பிரபா சொல்லட்டும்" என்பார்கள். ஆட்டோக்காரர்கள் மீட்டர் கட்டணம் ஏறியதைக்கூட அவள் சொன்ன பிறகுதான் ஏற்றினார்கள். அதற்கு முன்னால் ஏற்றியதெல்லாம் கணக்கில் வராது. நிறுவனம் உடனே 'உறுதி செய்யப்பட்ட செய்தி' என்ற சொற்களைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை மாலையோடு பிரபாவின் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த மூன்று ஆண்டுக்கான புதிய ஒப்பந்தம் ரகுராமின் மேஜையில், கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அவள் கணவன் யூஜின் வேலை பார்த்த கம்பெனி போன தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, பொங்கலுக்கு மூடிவிட்டது. வீட்டில் இப்போது ஒரு சம்பளம்தான்.

"சைன் ஆச்சா?" என்று காலை ஏழரைக்கே யூஜின் போனில் கேட்டான்.

"இப்பதான் புடவையே கட்றேன். வை போனை."

புடவை வெள்ளை. ஒப்பனைக்காரி குளோரியா, நிறுவனத்தின் 'துக்க ஒளிபரப்பு நெறிமுறை'யைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். துக்கத்தில் மூன்று தரம் உண்டு. மூன்றாம் தரத்துக்குப் பொட்டு சிறிதாகும். இரண்டாம் தரத்துக்குப் பொட்டு சாம்பல் நிறமாகும். முதல் தரத்துக்குப் பொட்டே கிடையாது; கண்ணுக்குக் கீழே லேசாகக் கருமை, மூக்கு நுனியில் சிவப்பு. சினிமா நடிகர் என்றால் தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் பூச வேண்டும்.

"ஐயாவுக்கு முதல் தரமா, ரெண்டாந்தரமாக்கா?"

"மூணு வாட்டி மந்திரி."

"அப்ப மூக்கு சிவக்கணும்." குளோரியா பஞ்சை எடுத்தாள். "இன்னாக்கா, ஆளு இன்னும் போவலையாமே. அதுக்குள்ள அழுது முடிச்ச மாதிரி போடச் சொல்றாங்களே. பாவம் புடிக்காது?"

"நீ மூக்க மட்டும் பாரு குளோரி."

"பாக்கறேன். நீ சிரிக்காத. சிரிச்சா ஒதட்டோரம் ஒடைஞ்சிக்கும்."

எட்டு மணிக்குத் துக்கக் குழு கூடியது. ரகுராம், நாகேஷ், செய்தி ஆசிரியர் சந்திரசேகரன். எதிரே வெள்ளைப் புடவையில் பிரபா. மேஜை நடுவில் இட்லி வடை. முதல் தரத் துக்க முகத்துக்குச் சாம்பார் ஆகாது என்று நெறிமுறையில் இருந்ததால் அவளுக்கு வெறும் தயிர்.

சந்திரசேகரன் பல் வலித்தால்கூட மேடைப் பேச்சில்தான் வலி சொல்வார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, பிறந்தவர் எல்லாரும் இறப்பர். ஆகவே எந்த மரணச் செய்தியும் பொய்யாவதில்லை. சில செய்திகள் சற்று முந்திக்கொள்கின்றன, அவ்வளவே. முந்துவதற்குத்தானே நாம் சம்பளம் வாங்குகிறோம்? சென்ற முறை அந்த நடிகர் மறைந்தபோது நாம் நான்கு நிமிடம் பின்தங்கினோம். அந்த நான்கு நிமிடமும் அவரை நாம் உயிரோடு வைத்திருந்தோம். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை."

ரகுராம் கை தட்டினார். பிறகு அவர் பேசினார்.

"சிலர் நம்மள வியாபாரின்னு சொல்றாங்க. நாம வியாபாரம் பண்ணல, சேவை பண்றோம். சேவைக்கு முன்பணம் வாங்கிட்டோம். வாங்கின பணத்துக்குச் சேவை பண்ணலேன்னா அது மோசடி. நான் மோசடிக்காரன் இல்ல. அதனால இன்னிக்கு ஐயா தவறித்தான் ஆகணும்."

"யார் யார் பணம் கட்டியிருக்காங்க, நாகேஷ்?" என்று அவரே கேட்டார்.

"மெத்தைக் கம்பெனி, சார். 'ஆழ்ந்த உறக்கம், அசையாத மெத்தை.' அப்புறம் வாட்டர் டேங்க், அகர்பத்தி, ஓசூர் சைட்ல ஒரு பில்டர். 'உங்கள் நிரந்தர முகவரி.' நகைக் கடைக்காரரு மட்டும் பேடா, வேணாம்னுட்டாரு. பதினாறாம் நாள் காரியம் ஆனப்புறம் சேந்துக்கறேன்னாரு."

பிரபா தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "சார், அவர் இன்னும் உயிரோட இருக்காரு."

"நான் இல்லேன்னு சொல்லலையே? இருக்கட்டும். பத்தரைக்குள்ள முடிஞ்சா போதும்."

"பத்தரைக்கு என்ன சார்?"

"ராகு காலம் ஆரம்பம். பன்னெண்டு வரைக்கும் நிலையத்துல எந்தப் புது விஷயமும் தொடங்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு."

"சாவுக்குமா சார் ராகு காலம்?"

"சாவு அவரோடது. எப்ப வேணா சாகலாம், அது அவரு இஷ்டம். அறிவிப்பு நம்மளது." ரகுராம் ஒப்பந்தத்தை எடுத்துக் காற்றில் ஆட்டிக் காட்டினார். "நீங்க வாசிச்ச கையோட நான் இதுல கையெழுத்து போடறேன் பிரபா. யூஜினுக்கு இன்னும் வேலை கெடைக்கலைல்ல?"

அக்கறையாகத்தான் கேட்டார். அவள் முதுகில் ஜாக்கெட் ஈரமாகிவிட்டது.

எட்டரையிலிருந்து தொலைக்காட்சித் திரையில் 'சற்று நேரத்தில் முக்கியச் செய்தி' என்ற வரி ஓடத் தொடங்கியது. அதற்கு மேலே, ஏற்றிய குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வாய் திறக்காமல் கண் தாழ்த்தி உட்கார்ந்திருக்கும் பிரபா. அதே சமயம் வானொலியில் தினசரி நிகழ்ச்சியான 'பிறந்தநாள் பந்தல்' போக வேண்டும். அதற்கும் அவள்தான். ஆகவே அவள் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பிடித்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அந்த இடைவெளியில் அவளைக் கண்ணாடிக் கதவு வழியாக வானொலிக்கு அனுப்பினார்கள்.

"பிரேசர் டவுன் குட்டி டார்லிங் ஜோஷ்வாவுக்கு இன்னிக்கு ஏழு வயசூ! ஹேப்பி பர்த்டே ஜோஷ்வா!" என்று சிவந்த மூக்கோடு குதூகலித்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் ஓடிவந்து குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒளிப்பதிவாளன் கை காட்டியதும் கண் தானாகத் தாழும். மூன்றாவது ஓட்டத்தில் ஒரு தடவை முகமும் குரலும் இடம் மாறிப்போய், விவேக் நகரில் எழுபது வயதான ஒருவருக்கு இரங்கல் தொனியில் வாழ்த்துச் சொன்னாள். அவர் பேரன் வீட்டிலிருந்து உடனே போன் வந்தது: "தாத்தாவுக்கு என்னாச்சு?"

மருத்துவமனையில் கேட்டால் 'நிலைமை சீராக இருக்கிறது' என்ற ஒரே பதில். சந்திரசேகரன் அந்த வாக்கியத்தை ஆராய்ந்தார். "உயிரோடு இருக்கும் மனிதனுக்குச் சீரான நிலைமை என்று ஒன்று உண்டா? எனக்கு இல்லை. உங்களுக்கு உண்டா? யோசியுங்கள்." எல்லாரும் யோசித்தார்கள். யாருக்கும் இல்லை.

பத்து மணிக்கு அடுகோடியிலிருந்து நிருபர் சுனில் அழைத்தான். ரகுராம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கன்ஃபார்ம் மாதிரிதான் சார்! இங்க ஃப்ளெக்ஸ் கடைல நிக்கறேன். ஐயாவோட கண்ணீர் அஞ்சலி பேனர் ஓடிட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ரோல் ரோலா."

"தேதி போட்ருக்கா?"

"போட்ருக்கு சார். தோற்றம், மறைவு, ரெண்டும். மறைவு இன்னிக்குத் தேதி."

சந்திரசேகரன் கண்ணை மூடி, இரண்டு நொடி மௌன அஞ்சலி செலுத்தினார்.

"சுனில்," என்று பிரபா குனிந்து கேட்டாள், "பேனர் ஆர்டர் கொடுத்தது யாரு? கேட்டியா?"

"கேட்டேன்க்கா. வார்டு கட்சிக்காரரு. 'நாளைக்கு பந்த், கடை தெறக்காது, மிஷின் ஓடாது. சனிக்கிழமை ஐயா போயிட்டார்னா பேனருக்கு எங்க போறது? அதான் முன்னாடியே அடிச்சு வெச்சுக்கறோம்'னாரு."

"அப்ப தேதி?"

"அது கடைக்காரரு. தேதி காலியா இருந்தா பேனர் பல்லு போன மாதிரி இருக்கும்னு இன்னிக்குத் தேதியையே சும்னே போட்டுட்டாராம்."

மறுநாள் பந்த் எதற்காக என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடையைச் சாத்த வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"கேட்டீங்களா சார்?" என்றாள் பிரபா. "குத்துமதிப்பா போட்ட தேதி."

"அதெல்லாம் விவரம்," என்றார் ரகுராம். "தேதி இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்," என்றது போன்.

"ஆவணம் கிடைத்துவிட்டது," என்று சந்திரசேகரன் எழுந்தார். "நான் உரையை எழுதுகிறேன்."

பிரபா பேச வாய் திறப்பதற்குள் வானொலி அறையில் சிவப்பு விளக்கு மின்னியது. பந்தலில் நேயர் அழைப்பு. முன்பெல்லாம் யார் அழைக்கிறார்கள் என்று கேட்டு இணைக்க ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் பசித்ததால் அந்த வேலை எடுக்கப்பட்டுவிட்டது. அழைப்பு நேரே ஒலிபரப்பில் விழும்.

ஓடிப்போய் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, மைக்கைத் திறந்தாள். "வணக்கம்! பிறந்தநாள் பந்தலுக்கு வாங்க! யார் பேசறீங்க?"

"வெங்கடசாமிம்மா."

"எந்த வெங்கடசாமிங்க ஐயா?"

"எந்த வெங்கடசாமியா?" கரகரத்த அந்தக் குரலுக்குக் கோபம் வந்தது. "மூணு வாட்டி மந்திரியா இருந்தவன். ஆஸ்பத்திரிலருந்து பேசறேன். காலைல ஐசியுலருந்து ரூமுக்கு மாத்திட்டானுங்க. இங்க நர்ஸு பொண்ணு, வீணான்னு பேரு, இன்னிக்கு அதுக்குப் பொறந்தநாளாம். போன் அதோடதுதான். ஒரு பாட்டு போடும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்திரசேகரன் தட்டச்சுக்காரனுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைவு தெரிந்தது: ஈ-டு-செய்-ய.

"ஐயா... நீங்க... எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன? கஞ்சி குடுக்கறானுங்க, காபி குடுக்க மாட்டேங்கறானுங்க. அத விடு. உன்னைத்தாம்மா டிவில பாத்துட்டிருக்கேன். சவுண்டு வெக்க மாட்டேங்கறாங்க. காலைலருந்து வெள்ளைப் புடவை கட்டிட்டு, வெளக்கு வெச்சு, வாயே தெறக்காம உக்காந்திருக்க. ஆனா ரேடியோல பேசற. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?"

வானொலியில் மௌனம் விழுந்தது. அறிவிப்பாளருக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"சொல்லும்மா. யாரு போயிட்டாங்க?"

"இன்னும் உறுதி ஆகலைங்க ஐயா," என்றாள்.

"ஐயையோ. தெகிரியமா இரு. கடவுள் இருக்காரு." ஐயா இருமினார். "நர்ஸுக்குப் பாட்டு மறந்துடாத."

பாட்டைப் போட்டுவிட்டு அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது மணி பத்து இருபது.

"சார், ஐயா பேசினாரு. நம்ம ரேடியோல. ஊரே கேட்டிருக்கும்."

துக்கக் குழு மறுபடி கூடியது. இந்த முறை நின்றபடி. இது நிறுவன வரலாற்றிலேயே புதிய சிக்கல். வானொலிப் பிரிவில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். தொலைக்காட்சிப் பிரிவில் அவரே இறந்துவிட்டார். இரண்டும் ஒரே மாடி.

"வானொலிக்கு வந்தது ஒரு குரல்," என்றார் சந்திரசேகரன். "குரலை யார் வேண்டுமானாலும் போடலாம். கல்லூரி விழாவில் பையன்கள் எனக்கே என் குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பேனர் அப்படியா? பேனரில் தேதி இருக்கிறது."

"இருபது வருஷமா குரலை வெச்சுத்தான் சார் சாப்பிடறேன்," என்றாள் பிரபா. "அது அவரு குரல்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, வீணான்னு நர்ஸு இருக்காங்களான்னு கேளுங்க."

"கேட்டா அவங்க ஏதாவது சொல்லிடுவாங்க," என்றார் ரகுராம். உண்மையிலேயே பயந்து சொன்னார். "நாகேஷ், பாலிசி என்ன?"

நாகேஷ் தொண்டையைக் கனைத்தார். "சார், ரேடியோ ரேட்டு பத்து செகண்டுக்கு அறுநூறு. டிவி பதினெட்டாயிரம். ரெண்டு பிரிவுக்கும் நடுவுல தகராறு வந்தா, ரேட்டு ஜாஸ்தி இருக்கற பிரிவு சொல்றதுதான் கம்பெனி சொல்றது. போன வருஷமே சர்க்குலர் ஆய்த்து."

"முடிஞ்சுது," என்றார் ரகுராம். "ஐயா தவறிட்டாரு. மணி பத்து இருபத்தி நாலு. போங்க, உக்காருங்க."

"நான் ஒருத்தர சாகடிச்சா, அதுக்கப்புறம் ஏரி நெறஞ்சாலும் யாரும் நம்ப மாட்டாங்க சார். அந்த மூணு வார்த்தைதான் எங்கிட்ட இருக்கற ஒரே சரக்கு."

"அந்த மூணு வார்த்தை கம்பெனி பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு, பிரபா. உங்க பேர்ல ஆகறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு." ஒப்பந்தத்தைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார். "மூணு வருஷம். வாசிங்க, அதே நிமிஷம் கையெழுத்து."

அவள் போய் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது?

அரங்கில் குளிர் அதிகம். குளோரியா ஓடிவந்து மூக்கில் கடைசியாக ஒரு தொடு தொட்டாள். "அக்கா, அவரு உன்னைத்தான் பாத்துட்டிருக்காராம். சவுண்டு இல்லாம." சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இருட்டுக்குள் ஒதுங்கினாள்.

மடியில் போன் அதிர்ந்தது. யூஜினின் குறுஞ்செய்தி. "சைன் ஆச்சா? பையனோட ஸ்கூல்லருந்து ஃபீஸுக்குத் திரும்ப கால் பண்றாங்க."

கண்ணாடிக்குப் பின்னால் ரகுராம் ஒரு கையில் பேனாவோடு, மறுகையில் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். வாசிப்புத் திரையில் சந்திரசேகரனின் எழுத்து ஏறி வந்து நின்றது. 'உறுதி செய்யப்பட்ட செய்தி. முன்னாள் அமைச்சர் வெங்கடசாமி அவர்கள் இன்று காலை நம்மை ஈடுசெய்ய முடியாத துயரில்...' வீணை ஒலி கிளம்பியது. குத்துவிளக்கு தெரிந்தது. திரையைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் விழுந்தது. இவையெல்லாம் முன்பே பூட்டி வைத்தவை. ஒரு பொத்தானைத் தட்டினால் யார் தடுத்தாலும் நிற்காது.

சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து இருபத்தெட்டு.

"உறுதி செய்யப்பட்ட செய்தி," என்றாள் பிரபா. குரல் சரியான துக்கத்தில் இருந்தது. சந்திரசேகரன் தலையாட்டினார்.

"முன்னாள் அமைச்சர் வெங்கடசாமி அவர்கள் இன்று காலை..."

நிறுத்தினாள். ஊரில் எத்தனையோ வீடுகளில், சாவு யாரோடது என்று தெரிந்தும், இவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஓசூர் ரோட்டில் ஓர் அறையில் ஒரு கிழவர், இவள் வீட்டில் யார் போனது என்று தெரியாமல் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"...இன்று காலை உயிரோடு இருக்கிறார். சற்று முன் நம் வானொலிக்கு அவரே பேசினார். கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். காபி கேட்கிறார், கொடுக்கவில்லை. அவரைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர் வீணாவுக்கு இன்று பிறந்தநாள். தென்பெண்ணை சார்பில் வாழ்த்துகள்."

பூட்டி வைத்தது நிற்கவில்லை. வீணை அழுதது, கறுப்புக் கட்டம் இருந்தது, அடியில் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற வரி ஓடியது. உடனே ஒருவர் அசையாத மெத்தையில் படுத்து ஆழ்ந்து உறங்கினார்.

அரங்குக் கதவைத் திறந்துகொண்டு ரகுராம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஒன்ன இப்பவே..." என்று ஆரம்பித்து, கடிகாரத்தைப் பார்த்து, அப்படியே நின்றார். பத்து முப்பத்தொன்று. ராகு காலத்தில் யாரையும் வேலையை விட்டு நீக்கவும் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "பன்னெண்டுக்கு வந்து பாருங்க," என்றார் மரியாதையாக.

ஆகவே பன்னிரண்டு வரை பிரபா வேலை பார்த்தாள். வெள்ளைப் புடவையிலேயே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினாள். யூஜினின் அழைப்பை எடுக்கவில்லை.

அதற்குள் ஊரில் மற்ற வேலைகள் நடந்தன. அதே பேனரைப் பார்த்த இரண்டு எதிர்த்தரப்புத் தொலைக்காட்சிகள் பத்தரைக்கே ஐயாவைச் சாகடித்திருந்தன. பதினோரு மணிக்கு வருத்தம் தெரிவித்தன. பதினொன்றரைக்கு 'மரணத்தை வென்ற மாமனிதர்' என்று சிறப்பு நிகழ்ச்சி போட்டன. அடுகோடி வார்டு கட்சிக்காரர், தேதி வீணாகிப் போன பேனருக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டுத் தென்பெண்ணைக்கு போன் செய்தார். ஐயாவும் போன் செய்தார்: காபி விஷயத்தை ஊருக்குச் சொன்னதால் டாக்டர் கஞ்சியில் உப்பையும் நிறுத்திவிட்டாராம்.

பன்னிரண்டு அடித்ததும் பிரபா ரகுராம் அறைக்குப் போனாள். அவருக்குக் கோபம் போய்விட்டிருந்தது. இழவு வீட்டுச் சோகம்தான் மிஞ்சியிருந்தது.

"நீங்க உண்மைய சொன்னீங்க. நான் குத்தம் சொல்லல. உண்மைக்கு நானும் எதிரி இல்ல. ஆனா அவங்களப் பாருங்க. சாவு ஒரு புரோகிராம், மன்னிப்பு ஒரு புரோகிராம், பொழச்சு வந்தது ஒரு புரோகிராம். மூணுக்கும் விளம்பரம். நமக்கு? ஒரே ஒரு உயிர். அதுவும் முப்பது செகண்டுல முடிஞ்சுபோச்சு. பொய் சொல்லியிருந்தா அப்புறம் உண்மைய ரெண்டு தடவை விக்கலாம்மா. நீங்க உண்மைய சில்லறைல வித்துட்டீங்க."

"மெத்தைக்காரரு பணம் திருப்பிக் கேக்கறாரு," என்றார் நாகேஷ். "சாவுக்குத்தான் கட்டினேன், உயிருக்கு எதுக்குக் கட்டணும்ங்கறாரு."

"நாளைக்கு முதல் இவங்க இடத்துல நம்ம சுனில் வாசிக்கட்டும்," என்றார் ரகுராம். "பேனர நல்லா பாக்கறான்." ஒப்பந்தத்தை நான்காகக் கிழித்து, வடை சாப்பிட்ட தட்டில் போட்டார். "கணக்க முடிச்சு அனுப்பிடுங்க."

வெளியே தாழ்வாரத்தில் நாகேஷ் தன் மேஜையில் அவளை உட்காரவைத்தார். மோர் வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர்தான். அச்சான தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். குளோரியா புடவையை வாங்கிக்கொண்டு போக வந்தவள், தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இந்த மாசச் சம்பளம் வரவு மேடம். வெள்ளைப் புடவை டிரை க்ளீனிங் கழிவு. ரேடியோல நீங்க பேசாம இருந்த நேரம் கழிவு. மெத்தைக்காரருக்குத் திருப்ப வேண்டியது, பாதி உங்க கணக்குல. அகர்பத்தி, டேங்க், பில்டர் மூணு பேரும் பணத்த வாபஸ் கேக்கல. எப்ப ஆனாலும் பரவால்ல, சரக்கு வந்தாச் சரின்னுட்டாங்க. சம்பளமும் கழிவும் நேராயிடுச்சு. ரூபாய் கணக்கு பைசல்."

"அப்ப கடைசில ஒரு வரி இருக்கே, இது என்ன?"

நாகேஷ் நெளிந்தார். "அது ஆடிட்டருக்காக மேடம். மூணு பேரு பணம் நம்மகிட்ட நிக்குதில்ல. எதுக்கு எதிரா நிக்குதுன்னு காட்டணும். சரக்கு உங்க கைல குடுத்தாங்க, நீங்க டெலிவரி பண்ணல. அதனால உங்க பேர்ல."

"இதை நான் எப்படிண்ணா கட்டறது?"

"ஐயாவுக்கு நிஜமாவே ஆனப்புறம் வந்து ஒரு தடவை வாசிச்சுட்டுப் போனீங்கன்னா நேராயிடும். பேமெண்ட் கிடையாது, ஆனா டீ உண்டு."

குளோரியா, "அடப்பாவிங்களா," என்றாள்.

பிரபா பேனாவை வாங்கினாள். ரூபாய் கணக்குக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். கடைசி வரிக்கு எதிரே போடவில்லை.

"இது நிக்கட்டும்ணா. ஐயா நூறு வருஷம் இருக்கட்டும். அது வரைக்கும் நான் கடன்காரியாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்ப உங்க பேர்லயே வெக்கறேன், மேடம்," என்று நாகேஷ் தாளைக் கோப்பில் செருகினார்.

தென்பெண்ணை ஒலி-ஒளி நிறுவனத்தின் புத்தகத்தில் அன்றைய இருப்பு இப்படி: பிரபாவுக்குத் தர வேண்டியது, இல்லை. பிரபா தர வேண்டியது, மரணம் ஒன்று.